நாரத்தைத் தோலின் நெடும்பயணம்

பழத்தின் பயன் அதன் உள்ளீட்டிலே இருக்கின்றது. தோல் எறிவதற்கே உரியது என்பது பொதுவான எண்ணம். வாழைக்கும் மாவுக்கும் இவ்வெண்ணம் பொருந்தும். ஆனால் தேசி, எலுமிச்சை, நாரத்தை, தோடை, பம்பளிமாசு முதலிய கனிகள் அடங்கிய குடும்பத்தின் வரலாற்றை ஆராய்வோர்க்கு இது தலைகீழாகத் தோன்றும். மேற்றிசை நாடுகளுக்கு இக்குடும்பத்துக் கனியொன்று முதன்முதலாகச் சென்றபோது அதன் சுளையை எவரும் உணவாகக் கொள்ளவில்லை. மக்கள் மனத்தைக் கவர்ந்தது தோலின் மணமே. கீழ்த்திசையிலோ, சுளையை விரும்பி உண்டவர்களும் தோலை எறியாது பேணி வைத்தனர். இன்று கேக்கிலும் இனிப்பிலும் சூப்பிலும் எலுமிச்சையின் தோலைத் துருவிச் சேர்ப்பது சமையற்காரர் ஒருவர் நேற்றுக் கண்டறிந்த உத்தி அன்று. ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு வரலாற்றின் பிந்திய பகுதியே அது. அவ்வரலாறு வணிகத்தையும் சமயத்தையும் மொழியையும் மனிதரின் உழைப்பையும் தொட்டுச் செல்கின்றது.

அதனை விளங்கிக் கொள்வதற்குத் தோலின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். ஒரு தோடம்பழத்தை அரிந்து நோக்கினால் அதன் தோல் இரண்டு படைகளாக அமைந்திருப்பது புலனாகும். வெளிப்படை நிறமுடையது; நுண்ணிய புள்ளிகள் நிறைந்தது. அப்புள்ளி ஒவ்வொன்றும் ஓர் எண்ணெய்ப் பை ஆகும். உட்படை வெண்மையானது, பஞ்சு போன்றது, கசப்புடையது. மணமெல்லாம் வெளிப்படையிலேயே தங்கியிருக்கின்றது. தோலை மெழுகுவர்த்திச் சுடரின் அருகே மடித்து நெரித்தால், தெறிக்கும் துளிகள் பளிச்சென்று எரிவதைக் காணலாம். தோடந்தோலின் எண்ணெயில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் லிமோனீன் என்னும் பொருளே. எலுமிச்சைக்கு அதன் தனி மணத்தை அளிப்பது சிறு அளவில் அமைந்துள்ள சிட்ரால் என்னும் பொருள்.

இவ்வெண்ணெய் நீரிற் கரைவதில்லை. வெண்ணெயிலும் மதுவிலும் கரையும். சீனி அதனை உறிஞ்சிக் கொள்ளும். சூடுபட்டால் விரைவில் ஆவியாய்ப் போய்விடும். பறித்த கனி வாடினால் மணமும் குன்றும். ஆகவே, பருவம் கடந்த பின்பும் இம்மணத்தைப் பிடித்து வைப்பது எங்ஙனம் என்பதே இக்கனியைப் பெற்ற ஒவ்வொரு நாட்டாரும் எதிர்நோக்கிய வினா. சீனர் அதற்கு வெயிலைத் துணைக்கொண்டனர். தென்னாசிய மக்கள் உப்பைத் துணைக்கொண்டனர். அராபியரும் அவர் வழிவந்த ஐரோப்பியரும் சீனியைத் துணைக்கொண்டனர். இத்தாலியர் எண்ணெயையே தனியாகப் பிழிந்தெடுத்தனர். இந்நான்கு விடைகளின் கதையே தோலின் கதையாகும்.

இக்குடும்பத்தின் பிறப்பிடம் இமயமலையின் தென்கீழ்ச் சாரல் என்பது அறிஞர் கருத்து. கிழக்கு அசாமும் வடக்குப் பர்மாவும் சீனத்தின் மேற்கு யுன்னான் பகுதியும் கூடும் மலைநாடு அது. 2018ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வொன்று, ஏறத்தாழ 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் அங்கிருந்து இக்குடும்பம் கிளைத்துப் பரவியதெனக் காட்டிற்று. இன்று சந்தைகளில் காணப்படும் வகைகள் எல்லாம் தனித்தனிப் படைப்புகள் அல்ல. பம்பளிமாசு, மண்டரின் எனப்படும் சிறுதோடை, வடநூலார் மாதுலுங்கம் என்று வழங்கிய தடித்த தோற்காய் ஆகிய மூன்றுமே தலைமையான மூலங்கள். பம்பளிமாசும் சிறுதோடையும் கலந்ததால் கசப்பு நாரத்தை பிறந்தது. அந்நாரத்தையோடு மாதுலுங்கம் கலந்ததால் எலுமிச்சை பிறந்தது. பெற்றோரின் முகச்சாயல் பிள்ளைகளிடம் தோன்றுவதுபோல, மாதுலுங்கத்தின் மணம் எலுமிச்சைத் தோலிலே இன்றும் விளங்குகின்றது.

மூலங்கள் மூன்றனுள் முதலில் மேற்றிசை சென்றது மாதுலுங்கமே. அதன் உள்ளே சாறு மிகக் குறைவு, பெரும்பகுதி தோலே. உள்ளீடு இல்லாத இக்காயை மலைகளையும் பாலைகளையும் கடந்து கொண்டுசெல்ல மக்களைத் தூண்டியது யாது? மணமன்றி வேறில்லை. யெருசலேமின் அருகே ராமாத் ராகேல் என்னும் இடத்தில் பாரசீகர் ஆட்சிக்காலத்து அரண்மனைத் தோட்டமொன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. அதன் சுவர்ச் சாந்திலே பதிந்திருந்த மகரந்தத்தை ஆராய்ந்தோர் மாதுலுங்கம் அங்கு வளர்க்கப்பட்டதை உறுதிசெய்தனர். கிரேக்க அறிஞர் தியோபிராசுதசு, கி.மு. 300ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், இதனை மீடியா நாட்டு ஆப்பிள் என்று விவரித்தார். அது உண்ணப்படுவதில்லை என்றும், காயும் இலையும் நறுமணம் மிக்கவை என்றும், ஆடைகளுக்கிடையே வைத்தால் பூச்சி அணுகாது என்றும் அவர் எழுதினார். உண்ணாத ஒரு கனி உடைப்பெட்டியிலே இடம்பெற்றது.

யூதர்களின் கூடாரப் பெருவிழாவில் இக்கனிக்குத் தனிச்சிறப்பு உண்டு. எத்ரோக் என்று அவர்கள் அதனை அழைப்பர். வழிபாட்டுக்குத் தெரிந்தெடுக்கும் கனியின் தோல் வடுவும் பழுதும் இல்லாததாக இருத்தல் வேண்டும் என்பது விதி. கி.மு. 1ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட அலெக்சாண்டர் யன்னேயசு என்னும் அரசன் அவ்விழாவிலே பலிபீடத்தின் அருகே நின்றபோது, அவன்மீது வெறுப்புற்ற மக்கள் கையிலிருந்த மாதுலுங்கக் கனிகளாலேயே அவனை எறிந்தனர் என்று வரலாற்றாசிரியர் யோசேப்பசு குறிப்பிடுகின்றார். அவன் சினந்து பெருந்தொகையினரைக் கொல்வித்தான் என்பதும் அவர் கூற்று. திருவிழாவுக்கு வந்த பொதுமக்கள் ஒவ்வொருவர் கையிலும் கனி இருந்தது என்பதற்கு இத்துயர நிகழ்ச்சியே சான்றாய் நிற்கின்றது.

மாதுலுங்கத்துக்குப் பல நூற்றாண்டு பின்னரே கசப்பு நாரத்தை மேற்குநோக்கிப் புறப்பட்டது. 10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அராபிய அறிஞர் அல்-மசூதி இதுபற்றி அரிய செய்தியொன்றைப் பதிந்துள்ளார். நாரத்தை மரம் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு முதலில் ஓமானில் நடப்பட்டது. பின்னர் பசுரா, ஈராக், சிரியா எனப் பரவியது. ஆனால் பிறந்த நாட்டிலே அதற்கிருந்த நறுமணமும் எழில் நிறமும் குன்றிப் போயின. அந்நாட்டின் காற்றும் மண்ணும் நீரும் இங்கு வாய்க்காமையே அதற்குக் காரணம் என்று அவர் எழுதினார். கனி வந்துவிட்டது, மணம் வழியிலே குறைந்துவிட்டது என்பது அவருடைய மனக்குறை. சாறு குறைந்தது என்றோ சுவை கெட்டது என்றோ அவர் வருந்தவில்லை. இக்கனியிடம் அக்கால மக்கள் எதனை நாடினர் என்பதை இக்குறிப்பைக் காட்டிலும் தெளிவாக உணர்த்துவது வேறில்லை.

மரம் சென்ற வழியே பெயரும் சென்றது. தமிழின் நாரத்தை என்னும் சொல்லும் வடமொழியின் நாரங்கம் என்னும் சொல்லும் உறவுடையவை. திராவிட மொழிகளிலிருந்தே வடமொழி இதனைப் பெற்றிருத்தல் வேண்டும் என்பது மொழியறிஞர் பலர் கொள்கை. பாரசீகத்தில் நாரங்கு என்றும், அரபியில் நாரஞ்சு என்றும், இசுப்பானியத்தில் நாரங்கா என்றும் அது வழங்கிற்று. இத்தாலியர் நாவிலும் பிரெஞ்சுக்காரர் நாவிலும் முதலில் நின்ற நகரம் உதிர, ஆங்கிலத்தில் ஒறேஞ்சு என்றாயிற்று. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அச்சொல் ஆங்கிலத்தில் ஒரு நிறத்துக்கும் பெயராகியது. அதற்கு முன்னர் அந்நிறத்துக்கு அங்கே தனிப்பெயர் இல்லை. மஞ்சட்சிவப்பு என்றே கூறி வந்தனர். பழத்தோலொன்று ஒரு நாட்டாரின் மொழியில் நிறத்துக்கே பெயரளித்தது. இனிப்புத் தோடை ஐரோப்பாவுக்கு வந்தது 15ஆம், 16ஆம் நூற்றாண்டுகளில். போர்த்துக்கேய வணிகர் அதனைப் பெரிதும் பரப்பியமையால், அரபு, கிரேக்க, துருக்கி மொழிகளில் இன்றும் தோடைக்குப் போர்த்துக்கல் நாட்டின் பெயரே வழங்குகின்றது.

இனி, மணத்தைப் பேணிய முறைகளுள் வெயிலை முதலில் நோக்குவோம். சிறுதோடையின் தாயகமாகிய சீனத்தில் அதன் வகைகளை ஆராய்ந்து நூல் செய்தவர் ஹான் யன்சி என்பவர். வென்சோ நகரின் ஆளுநராயிருந்த அவர் 1178ஆம் ஆண்டில் இயற்றிய அந்நூல் 27 வகைகளை விவரிக்கின்றது. இக்குடும்பத்தைப் பற்றியே தனியாக எழுந்த நூல்களுள் மிகப் பழையது அது என்பர். சீனர் சிறுதோடையின் தோலை மூன்று இதழாக விரித்து உரித்து, வெயிலில் உலர்த்தி, ஆண்டுக்கணக்காக வைத்துப் பயன்படுத்துவர். சென்பி என்னும் அதன் பெயருக்குப் பழந்தோல் என்பதே பொருள். குவாங்டொங் மாகாணத்தின் சின்குயி என்னும் ஊர் இதற்குப் பேர்பெற்றது. மூன்றாண்டேனும் வைத்த தோலே சென்பி என்னும் பெயருக்குத் தகும் என்பது அங்குள்ள வழக்கு. ஆண்டு ஏற ஏறத் தோல் கருத்துக் காரம் தணிந்து ஆழ்ந்த மணம் பெறும், விலையும் ஏறும். வாத்து இறைச்சியோடும் மாட்டிறைச்சியோடும் அதனைச் சேர்த்துச் சமைப்பர். செம்பயற்றுப் பாயசத்திலும் ஒரு துண்டு இடுவர். உணவும் மருந்தும் ஒன்றென்று கருதிய அம்மக்களுக்கு அது இரண்டுமாய் விளங்கியது. யப்பானியரோ உலர்ந்த தோலை மிளகாய், எள் முதலியவற்றோடு கலந்து ஏழு சரக்குத் தூள் செய்தனர். யூசு என்னும் கனியின் பசுந்தோலை மெல்லியதாகச் சீவி, சூப்பை இறக்கிய பின் மேலே மிதக்க விடுவதும் அவர் வழக்கம். கொதிக்கும்போது இட்டால் மணம் ஆவியாகும் என்பதை அவர்கள் பட்டறிவால் உணர்ந்திருந்தனர்.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காற்று ஈரம் மிக்கது. வெறும் வெயிலில் உலர்த்திய தோல் மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே இந்நாட்டார் வெயிலோடு உப்பையும் சேர்த்தனர். தேசிக்காயை நான்காகப் பிளந்து, அடி பிரியாமல் விட்டு, உள்ளே உப்பை அடைத்துச் சாடியில் இட்டு, பின்னர் வெயிலில் காயவைத்தெடுக்கும் ஊறுகாயை அறியாத இல்லம் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இல்லை எனலாம். சிங்கள மக்கள் இதனை லுணு தெகி என்பர். இவ்வூறுகாயில் உண்ணப்படுவது பெரும்பாலும் தோலே என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலர். உப்பும் புளிப்பும் நாட்பட நாட்பட வெள்ளைப் படையின் கசப்பைத் தணித்துத் தோலைப் பதப்படுத்துகின்றன. நாரத்தங்காயைச் சுருளாக அரிந்து உப்பிட்டு உலர்த்துவதும் இம்முறையே. தமிழ்நாட்டிலோ நாரத்தையின் இலையைக்கூட விடவில்லை. மிளகாய், பெருங்காயம், உப்பு என்பவற்றோடு இடித்து உருட்டி வேப்பிலைக்கட்டி என்னும் பெயரால் சோற்றுக்குத் துணையாக்கினர். அதில் வேப்பிலை இல்லை. பெயரில் மட்டுமே உண்டு. காய்ச்சலால் நாவின் சுவை கெட்டவர்க்குக் கஞ்சியோடு ஊறுகாய்த் துண்டு ஒன்று கொடுக்கும் வழக்கத்திலும் இம்மணத்தின் ஆற்றலை முன்னோர் அறிந்திருந்தமை புலப்படுகின்றது.

சீனியின் வழி வேறு. கரும்பு வேளாண்மையையும் நாரத்தை மரத்தையும் சிசிலித் தீவுக்கும் இசுப்பானியாவுக்கும் கொண்டு சென்றவர் அராபியரே. இரண்டும் ஒரே கையால் நடப்பட்டமையால், கசப்புத் தோலைச் சீனிப் பாகில் ஊறவைக்கும் கலையும் அந்நிலங்களில் வளர்ந்தது. தோலைப் பன்னாள் நீர் மாற்றி ஊறவைத்துக் கசப்பை நீக்கி, பாகை நாள்தோறும் சிறிது சிறிதாகத் தடிப்பாக்கி, அதனுள் தோலை மூழ்க வைப்பர். நீர் வெளியேறிச் சீனி உட்புகும். தோல் கண்ணாடிபோல் தெளியும். எதிர்காலம் உரைத்தவர் எனப் பலரும் அறிந்த பிரெஞ்சு மருத்துவர் நொசுத்திரதாமசு, 1555இல் வெளியிட்ட நூலொன்றிலே நாரத்தைத் தோலைச் சீனியிலிடும் முறையை விரித்தெழுதினார் என்பது பலரும் அறியாத செய்தி. சீனி அக்காலத்தில் செல்வர் வீட்டுப் பண்டம். ஆகையால் பாகிலிட்ட தோல் விருந்தின் முடிவில் சிறு துண்டுகளாகவே பரிமாறப்பட்டது. செரிமானத்துக்கு உதவும் மருந்தாகவும் மதிக்கப்பட்டது.

தோல் இவ்வாறு போற்றப்பட்ட நாட்களில் சாறு எந்நிலையில் இருந்தது? இங்கிலாந்தின் கடற்படை அலுவலரும் நாட்குறிப்பாளருமான சாமுவேல் பீப்சு, 1669ஆம் ஆண்டு மார்ச்சு 9ஆம் திகதி தாம் முதன்முறையாகத் தோடஞ்சாற்றைப் பருகியதை எழுதி வைத்துள்ளார். பானம் இனிதாயிருந்தும், உடலுக்குக் கேடு விளைக்குமோ என்று அவர் ஐயுற்றார். அவ்விலண்டன் நகரிலே தோடம்பழம் விற்போர் நாடக அரங்குகளில் நிறைந்திருந்தனர். பாகிலிட்ட தோலும் செல்வர் மனைகளில் வழக்கிலிருந்தது. சாற்றைக் குவளையில் நிறைத்துப் பருகுவதே புதுமையாய் இருந்தது. ஆங்கிலேயர் தோற்சீவலுக்கு வழங்கும் செசுட் என்னும் சொல்லும் அந்நூற்றாண்டிலேதான் பிரெஞ்சிலிருந்து அவர் மொழிக்கு வந்தது. முதலில் பானத்துக்கு மணமூட்டும் தோல் துண்டையே அது குறித்தது. 18ஆம் நூற்றாண்டில் அதற்கு ஊக்கம், உற்சாகம் என்னும் பொருளும் ஏறியது. மந்தமான உணவை ஒரு சிறு சீவல் உயிர்ப்பிப்பதைக் கண்ட மக்கள், வாழ்க்கையை உயிர்ப்பிக்கும் மனநிலைக்கும் அப்பெயரையே சூட்டினர்.

பாகிலிட்ட தோலின் வழிவந்ததே மாமலேட். அச்சொல் போர்த்துக்கேயரின் மார்மெலோ என்பதிலிருந்து பிறந்தது. அது குயின்சு என்னும் வேறொரு பழத்தின் பெயர். குயின்சுப் பழக்களி முதலில் வந்தது. பெயரை மட்டும் பின்னர் நாரத்தை எடுத்துக்கொண்டது. இசுக்கொத்லாந்தின் தண்டி நகரில், புயலுக்கு ஒதுங்கிய கப்பலொன்றிலிருந்து செவில் நகரத்துக் கசப்புத் தோடைகளை வணிகரொருவர் மலிவாக வாங்க, அவர் வீட்டுப் பெண்மணி அவற்றை வீணாக்காது மாமலேட் செய்தார் என்று ஒரு கதை வழங்குகின்றது. கதை சுவையானது; வரலாறு அதற்கு இடந்தரவில்லை. தோடை மாமலேட்டுக்கான செய்முறைகள் 17ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துக் குறிப்பேடுகளிலேயே உள்ளன. 1797ஆம் ஆண்டளவில் தொடங்கிய கெயிலர் குடும்பத்தின் தொழில், வீட்டுப் பண்டமாயிருந்ததைச் சாடியிலடைத்து உலகெங்கும் விற்கும் பண்டமாக்கியது என்பதே அக்கதையினுள் அடங்கிய உண்மை. இனிப்புத் தோடை கிடைத்த பின்னரும் மாமலேட்டுக்குக் கசப்பு நாரத்தையையே ஆங்கிலேயர் விடாது நாடியதற்குக் காரணம் அதன் தோலே.

துருவிய பசுந்தோலைக் கேக்கில் இடும் பழக்கமும் இக்காலப் பகுதியிலேயே வேரூன்றியது. அந்நாளில் சீனி கூம்பு வடிவான கட்டியாக விற்கப்பட்டது. சமையற்பெண்கள் சீனிக்கட்டியை எலுமிச்சைத் தோலின்மேல் அழுத்தித் தேய்ப்பர். சீனியின் கூரிய மணிகள் எண்ணெய்ப் பைகளைக் கிழிக்கும். கசிந்த எண்ணெயைச் சீனியே உறிஞ்சிக் கொள்ளும். மஞ்சள் பூத்த அச்சீனியை நொறுக்கிக் களியிலோ கேக்கிலோ கலப்பர். வெள்ளைப் படையைத் தொடாது மணத்தை மட்டும் எடுக்கும் இம்முறை, வேதியியல் கல்லாதவர் கண்ட வேதியியல் எனலாம். இன்றும் துருவிய தோலை முதலில் சீனியோடு விரலால் பிசறி, பின்னர் வெண்ணெயோடு சேர்த்து அடிப்பது அம்முறையின் தொடர்ச்சியே. வெண்ணெய் எண்ணெயைத் தன்னுள் பிடித்துக்கொள்வதால் அடுப்பின் சூட்டிலும் மணம் முற்றாகப் போவதில்லை. சாற்றை ஊற்றினால் மாவின் பதம் இளகும். அப்பச்சோடாவோடு அது வினைப்படும். மணமும் சிறிதே கிடைக்கும். தோலால் அத்தகைய இடர் இல்லை.

இலங்கையில் இவ்வழக்கம் மேலைநாட்டார் ஆட்சியோடு வந்து சேர்ந்தது. 1505இல் வந்த போர்த்துக்கேயரும், 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தரும், 1796 முதல் ஆட்சி செலுத்திய ஆங்கிலேயரும் தத்தம் அடுப்படிப் பழக்கங்களை இங்கு விட்டுச் சென்றனர். போர்த்துக்கேய மரபினது என்று கருதப்படும் லவ் கேக்கிலே ரவை, முட்டை, மரமுந்திரிகைப் பருப்பு, தேன், பன்னீர் என்பவற்றோடு கறுவாவும் ஏலமும் சாதிக்காயும் சேர்கின்றன. அவற்றோடு தேசித்தோலையோ எலுமிச்சைத்தோலையோ துருவியிடுவார் பலர். முட்டையின் வெடுக்கை அது அடக்கும். சரக்குகளின் மணத்தைத் தூக்கிக் காட்டும். நத்தார்க் கேக்கில் பாகிலிட்ட தோல் தவறாது இடம்பெறுகின்றது. அராபியர் வளர்த்த கலையை ஐரோப்பியர் ஏற்று, இலங்கையின் கறுவாவோடு அதனைக் கூட்டிய வரலாறு அக்கேக்கின் ஒரு துண்டிலே அடங்கியுள்ளது. நாரத்தை என்னும் பெயர் இத்தென்புலத்திலிருந்தே புறப்பட்டது என்று கொண்டால், புறப்பட்ட பொருள் உலகைச் சுற்றிச் சீனி பூண்டு வீடு திரும்பியது என்றும் கூறலாம்.

நான்காவது வழி எண்ணெயைப் பிழிந்தெடுப்பது. இத்தாலியின் தென்முனையான கலாபிரியாவில் பேர்கமொத் என்னும் கனி விளைகின்றது. கசப்பு நாரத்தையும் எலுமிச்சையும் கலந்து பிறந்த அக்கனியின் சாறு கசக்கும். தோலின் மணமோ நிகரற்றது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொலோன் நகரிலே தொழில் நடத்திய யோகான் மரியா பரினா, தம் புகழ்பெற்ற வாசனை நீரில் இதனைப் பயன்படுத்தினார். தேவை பெருகவே கலாபிரியாக் கடற்கரையில் தோட்டங்கள் எழுந்தன. ஒரு கிலோ எண்ணெய்க்கு ஏறத்தாழ 200 கிலோ கனி வேண்டும். கனியை இரண்டாகப் பிளந்து உள்ளீட்டை அகற்றி, தோலை நீரிலே பதப்படுத்தி, கடற்பஞ்சின்மேல் வைத்துக் கையால் அழுத்தித் திருகுவர். பஞ்சு உறிஞ்சிய எண்ணெயைச் சட்டியிலே பிழிவர். மணிக்கணக்காக இவ்வாறு அழுத்திய தொழிலாளரின் மணிக்கட்டு வலியே ஐரோப்பிய மாளிகைகளில் நறுமணமாய்க் கமழ்ந்தது. 1844ஆம் ஆண்டில் நிக்கொலா பரில்லா என்பவர் அமைத்த பொறி அவ்வுழைப்பை எளிதாக்கிற்று.

இவ்வெண்ணெயே தேயிலையோடும் உறவு கொண்டது. ஏள் கிறே என்னும் தேயிலையின் செய்முறையைச் சீன மந்திரி ஒருவர், 1830 முதல் 1834 வரை இங்கிலாந்தின் பிரதமராயிருந்த கிறே பிரபுவுக்கு நன்றிக்கடனாக வழங்கினார் என்பது கதை. பிரபு சீனத்துக்குச் சென்றதே இல்லை. பழைய பத்திரிகைகளை ஆராய்ந்தோர் கண்ட செய்தி இதற்கு மாறானது. 1820களிலும் 1830களிலும் பேர்கமொத் எண்ணெய், தாழ்ந்த தேயிலையை உயர்ந்ததெனக் காட்டுவதற்குப் பயன்பட்டது. 1837இல் இவ்வாறு மணமூட்டிய தேயிலையை உயர்தரமென விற்றதாக ஒரு வணிகர்மீது குற்றம் சாட்டப்பட்டது. பெருமகனின் பெயர் அதற்கு வாய்த்தது அந்நூற்றாண்டின் பிற்பகுதியிலே. ஏமாற்றாகத் தொடங்கியது மக்கள் நாவுக்குப் பிடித்துப்போய், மதிப்புள்ள பண்டமாயிற்று. இன்று இலங்கையின் மலைநாட்டுத் தேயிலையும் அம்மணம் ஏற்று உலகச் சந்தைக்குச் செல்கின்றது. மணம் நன்மைக்கும் துணையாகும், குறையை மறைக்கவும் துணையாகும் என்பதே இதிலுள்ள பாடம். துருவிய தோல் நல்ல கேக்கைச் சிறப்பிக்கும். பழைய வெண்ணெயின் நாற்றத்தை மறைக்கவும் கூடும். உண்போர் இரண்டையும் பிரித்தறிதல் வேண்டும்.

20ஆம் நூற்றாண்டில் நிலைமை தலைகீழாயிற்று. 1940களில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலே தோடஞ்சாற்றைச் செறிவாக்கி உறையவைக்கும் முறை கண்டறியப்பட்டது. அதன்பின் சாறே தலைமைப் பொருளாயிற்று; தோல் கழிவாயிற்று. ஆலைகளில் குவியும் தோலின் எண்ணெய் பிரித்தெடுக்கப்பட்டு இனிப்புப் பண்டங்களுக்கும் கறைநீக்கும் திரவங்களுக்கும் செல்கின்றது. எஞ்சிய சக்கை உலர்த்தப்பட்டுக் கால்நடைத் தீனியாகின்றது. நெடுந்தூரம் செல்லும் பழங்கள் வாடாதிருக்க மெழுகும் பூஞ்சணம் பிடிக்காதிருக்க மருந்தும் பூசப்படுகின்றன. சுளையை உண்பவர்க்கு அதனால் பெருங்கவலை இல்லை. தோலைப் பயன்படுத்துவோர் இளஞ்சுடுநீரில் நன்கு தேய்த்துக் கழுவுதல் இன்றியமையாதது. வீட்டு முற்றத்து மரத்தின் காய் கிடைக்குமாயின் அதனினும் நன்று.

ஆயினும் தோல் மறக்கப்படவில்லை. 1994ஆம் ஆண்டில் கனடாவின் ஒட்டாவா நகரிலே மரவேலைக் கருவி விற்பவர் ஒருவரின் மனைவி, ஆர்மேனியத் தோடைக் கேக் செய்ய முற்பட்டார். வீட்டிலிருந்த துருவி தோலைத் துருவாது நசித்தமையால், கடையிலிருந்த மர அரமொன்றை எடுத்து அதன்மேல் தோலை உரைத்தார். வெள்ளைப் படையைத் தொடாது பூம்பொடி போலத் தோல் உதிர்ந்தது. தச்சருக்காக அமெரிக்காவிலே செய்யப்பட்ட அவ்வரம் இன்று மைக்குரோப்பிளேன் என்னும் பெயரோடு உலகெங்கும் சமையற்கருவியாய் விளங்குகின்றது. சீனிக்கட்டியால் தேய்த்த பழைய சமையற்பெண் நாடியதும், அரத்தால் உரைத்த இவ்வம்மையார் நாடியதும் ஒன்றே: மணம் வேண்டும், கசப்பு வேண்டாம்.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். பண்டை மக்கள் சிக்கனத்துக்காக மட்டும் தோலைக் காத்தார் அல்லர். கனியின் சிறப்பு எங்குள்ளது என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர். ஒவ்வொரு நாட்டாரும் தம் வெயிலுக்கும் காற்றுக்கும் கையிலிருந்த பொருளுக்கும் ஏற்ப அதனைப் பேணும் வழியைக் கண்டனர். சாறு மலிந்த காலத்தில் அவ்வறிவு குன்றிப்போகும் நிலை உண்டு. கடையிலே ஊறுகாய்ப் போத்தலும் செயற்கை வாசனைப் புட்டியும் எளிதிற் கிடைக்கும் இந்நாளில், தேசிக்காயைப் பிளந்து உப்பிட்டு முற்றத்தில் உலர்த்தும் கைகள் குறைந்து வருகின்றன. பாட்டியார் அளவு பாராமல் செய்த அப்பக்குவம் பெரும்பாலான வீடுகளில் எழுத்தில் இல்லை. இயலும் காலத்தில் பேத்தியர் அதனைக் கேட்டுக் குறித்து வைப்பாராயின், சீனரின் பழந்தோலுக்கும் செவில் நகரத்து மாமலேட்டுக்கும் நிகரானதோர் உரிமைச் செல்வம் இந்நாட்டிலும் அழியாது நிற்கும்.